கோட்டைக்குள் படுக்கையறை உண்டா?

போன மார்கழியில் ஒரு நண்பருக்காகக் குழந்தைகள் படக்கதை ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டிருந்தேன். மொத்தமே 24 பக்கம், பக்கத்துக்கு நாலைந்து வரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் சாயங்காலக் காபிக்குள் முடிந்துவிடும் என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். முதல் வரியிலேயே ஒரு 'காஸில்' (castle) வந்தது. அதற்குள்ளே ஓர் இளவரசி தூங்கிக் கொண்டிருந்தாள். யோசிக்கவே இல்லை, 'கோட்டை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். வேலை முடிந்ததும், எந்தப் புத்தகத்துக்கும் சரியான நீதிபதி என்று எங்கள் வீட்டில் பெயர் வாங்கியிருக்கும் அண்ணன் மகளுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எட்டு வயது. மதுரையில் வளர்கிறாள், பேச்சு மட்டும் அப்பன் வழியில் திருநெல்வேலி.

"சித்தப்பா, தப்பா இருக்கு. கோட்டைக்குள்ள எப்படித் தூங்குவா?"

"ஏன்மா, கட்டில் போட்டுத்தான்."

"கட்டில எங்க போடுறது? நான் திருமயம் கோட்டைக்குப் போயிருக்கேம்லா. அங்க ஒரு ரூம்கூடக் கிடையாது. மேல ஏறுனா பீரங்கிதான் இருக்கு. வெயிலு வேற."

திருமயத்தை எனக்கும் தெரியும். கிழவன் சேதுபதி காலத்துக் கோட்டை. பாறைக்குன்றை வளைத்து மதில், அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைக் கோயில்கள், உச்சியில் அவள் சொன்ன பீரங்கி. காரைக்குடிப் பக்கம் போகும்போது வண்டியை நிறுத்தி ஏறிப் பார்க்கிற இடம். அங்கே கட்டில் போட இடம் தேடினால் கிடைக்காதுதான். சரி, 'அரண்மனை' என்று மாற்றிவிடுகிறேன் என்றேன். அதுவும் எடுபடவில்லை. படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அரண்மனைன்னா தூண் இருக்கும்லா, மகால் மாதிரி? இதுல தண்ணி சுத்தி ஓடுது, ஜன்னல் இத்தினிக்காண்டு இருக்கு." திருமலை நாயக்கர் மகாலுக்கு நாலு தெரு தள்ளி வசிக்கும் பிள்ளையிடம் அரண்மனையைப் பற்றி வாதாட முடியாது.

போனை வைத்துவிட்டு அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்தேன். மற்ற 23 பக்கமும் முடிந்து கிடந்தன. நண்பரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன், அது மூன்று வாரமாகிவிட்டது. ஒரு சொல்லுக்கா என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குழந்தை கேட்டது சின்னக் கேள்வி இல்லை. 'காஸில்' என்பது சண்டை போடக் கட்டியதா, குடியிருக்கக் கட்டியதா? ஆங்கிலத்தில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. ஒரே கட்டடத்தில் பிரபு குடியிருப்பான், மதில்மேல் வில்லாளி நிற்பான், கீழே சிறையும் இருக்கும், மேலே பள்ளியறையும் இருக்கும். தமிழில் நாம் அதை இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறோம். மதில் பக்கம் கோட்டைக்குப் போயிற்று, மெத்தை பக்கம் அரண்மனைக்குப் போயிற்று.

இதில் வேடிக்கை, 'அரண்மனை' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அரண், மனை. காவல் உள்ள வீடு. 'காஸில்' என்பதற்கு இதைவிடக் கச்சிதமான விளக்கத்தை எந்த அகராதியும் தரப்போவதில்லை. ஆனால் புழங்கிப் புழங்கி அந்தச் சொல்லில் இருந்த அரண் உதிர்ந்துவிட்டது, தூணும் திரைச்சீலையும்தான் மிஞ்சியிருக்கின்றன. அதற்கும் முன்னால் மன்னன் வீட்டுக்கு நம்மிடம் இருந்த சொல் கோயில். கோ இருக்கும் இல். அதை முழுதாகச் சாமிக்குக் கொடுத்துவிட்டோம். சொற்கள் வீடு மாறிக்கொண்டே இருக்கின்றன, நான் மட்டும் பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டிக் கொண்டிருந்தேன்.

பாளையமும் கோட்டையும்

நான் பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டையில். இந்த விவரம் இங்கே ஏன் என்று கொஞ்சத்தில் தெரியும்.

'காஸில்' என்ற சொல்லின் பாட்டன் லத்தீனில் இருக்கிறார். 'காஸ்ட்ரும்' என்றால் காவல் உள்ள இடம். அதைப் பன்மையாக்கி 'காஸ்ட்ரா' என்றால் படை இறங்கித் தங்கும் பாளையம். ரோமானியப் படை எங்கே ராத்தங்கினாலும் சதுரமாகப் பள்ளம் வெட்டி, வெட்டிய மண்ணை உள்பக்கம் கரையாகப் போட்டு, மேலே முளைக்கம்பு நட்டுவிட்டுத்தான் சோறு பொங்கும். அந்த இடத்துக்குப் பெயர் காஸ்ட்ரா. 'காஸ்ட்ரும்' என்பதன் குட்டி வடிவம் 'காஸ்டெல்லும்', சின்னக் கோட்டை. இந்தக் குட்டியிலிருந்துதான் பிற்பாடு 'காஸில்' வந்தது.

ரோமானியர்கள் பிரிட்டனில் மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்துவிட்டுப் போனார்கள். படை போன பிறகும் பாளையங்களின் பெயர் நின்றுவிட்டது. பின்னால் வந்தேறிய ஆங்கிலேயரின் முன்னோர்கள் 'காஸ்ட்ரா'வை 'செஆஸ்டர்' என்று தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். செஸ்டர், வின்செஸ்டர், லங்காஸ்டர், டான்காஸ்டர், லெஸ்டர், குளோஸ்டர் என்று ஊர் ஊராக ஒட்டிக் கிடப்பது அந்த வால்தான். மான்செஸ்டரும் அப்படித்தான், கி.பி. 79 வாக்கில் ரோமானியர்கள் மாமூகியம் என்ற பெயரில் கோட்டை போட்ட இடம்.

இங்கே நிறுத்திச் சிரித்துக்கொண்டேன். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று எத்தனை காலமாகச் சொல்லி வருகிறோம். பஞ்சாலைக்காகச் சொன்னது. ஆனால் மான்செஸ்டர் என்ற பெயரின் வாலை நேராகத் தமிழாக்கினால் ஏதோ ஒரு பாளையம். கோவையைச் சுற்றி எண்ணிப் பாருங்கள்: மேட்டுப்பாளையம், கவுண்டம்பாளையம், பெரியநாயக்கன்பாளையம். எதையும் தெரிந்து வைத்த பட்டமில்லை, ஆனாலும் பொருந்திப் போகிறது. என் ஊருக்கும் அப்படி ஒரு பட்டம் உண்டு, தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு. ஆக்ஸ்ஃபோர்டு என்றால் மாடு ஆற்றைக் கடக்கும் துறை. பள்ளிக்கூடங்களை நினைத்துப் பெருமைப்பட்டவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

பாளையம் என்பதும் காஸ்ட்ரா என்பதும் ஒன்றுதானா, நான் வலிந்து ஒட்டவைக்கிறேனா என்று சந்தேகம் வந்தது. அதைத் தீர்த்து வைத்தது பைபிள். எங்கள் தெருவில் பாதி வீடு கிறிஸ்தவ வீடு, நான் படித்ததும் மிஷன் பள்ளியில். வசனங்கள் பல இன்னும் காதில் கிடக்கின்றன. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில் 'பாளயத்துக்குப் புறம்பே' என்று வரும். அதே இடத்தை லத்தீன் பைபிளில் பார்த்தால் 'எக்ஸ்ட்ரா காஸ்ட்ரா'. சொல்லுக்குச் சொல். காஸ்ட்ராவைப் பாளையம் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை, மொழிபெயர்ப்பாளர்கள் என்றைக்கோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அதே பைபிளில் இன்னொரு வசனம் என்னைக் குழப்பியது. குருத்தோலை ஞாயிறன்று வாசிப்பார்களே, இயேசு இரண்டு சீடரை அனுப்பிக் கழுதையை அவிழ்த்து வரச் சொல்கிற இடம்: "உங்களுக்கு எதிரே இருக்கிற கிராமத்துக்குப் போங்கள்." லத்தீனில் அந்தக் கிராமம் 'காஸ்டெல்லும்'. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கில நற்செய்தியில் அதை அப்படியே எடுத்து 'காஸ்டெல்' என்று போட்டிருக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் விக்ளிஃப் பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்பிலும் அதே 'காஸ்டெல்'தான். கழுதை கட்டியிருக்கிற குக்கிராமத்துக்குக் காஸில் என்று பெயர்! பிற்கால லத்தீனில் 'காஸ்டெல்லும்' என்பது தேய்ந்து தேய்ந்து ஒரு வேலி போட்ட ஊர், பிறகு வெறும் சிற்றூர் என்று ஆகிவிட்டது. நமக்கு இது புதிதில்லை. பட்டுக்கோட்டைக்கோ அருப்புக்கோட்டைக்கோ பஸ் ஏறுகிறவர் யாரும் மதிலை எதிர்பார்த்துப் போவதில்லை.

ஆக ஆங்கிலத்தில் முதலில் வந்து சேர்ந்த 'காஸ்டெல்' கிராமத்தான். மதிலோடும் அகழியோடும் வந்தவன் வேறு ஆள், அதே பெயரில் இரண்டாவது தடவை வந்தான்.

தோண்டிய கோட்டை

அவன் வந்தது, வட பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்து 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களோடு. அதற்குச் சில வருடம் முன்பே அவர்களில் சிலர் வந்துவிட்டார்கள். ஆங்கிலோ-சாக்ஸன் ஆண்டுக்குறிப்பில் 1051-ஆம் வருடத்துக்குக் கீழே, அந்நியர்கள் ஹெரஃபோர்டு சீமையில் ஒரு 'காஸ்டெல்' கட்டிக்கொண்டு சுற்றியிருந்த மக்களுக்குத் தொல்லை கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் தன் மொழியில் ஒரு சொல் தேடியிருக்கலாம். அவர்களிடம் ஊரைச் சுற்றிக் காவல் போட்ட 'புர்' என்ற அமைப்பு இருந்தது, அது ஊருக்கே பொதுவான அரண். ஒரு தனி ஆள், தன் குடும்பத்துக்கும் தன் குதிரைப்படைக்கும் மட்டும் காவல் போட்டுக்கொண்டு, சுற்றியிருக்கும் ஊரை மிரட்டுகிற வீடு அவர்களிடம் இல்லை. இல்லாத பொருளுக்குச் சொல்லும் இல்லை. வந்தவனின் சொல்லையே எழுதிவிட்டார்.

இந்த இடத்தில்தான் எனக்கு வெளிச்சம் வந்தது. பிரான்ஸின் பாயோ என்ற ஊருக்குரிய பழைய துணி ஒன்றில், 1066 படையெடுப்பின் கதையைக் கம்பளி நூலால் தைத்து வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளம். திரைச்சீலை என்று பேர் பெற்றாலும் அது நெய்ததில்லை, தையல் வேலை. படத்துக்குப் படம் மேலே லத்தீனில் ஒரு வரி ஓடும், நம் காமிக்ஸ் புத்தகம் மாதிரி. நார்மன் தலைவன் வில்லியம் கரையிறங்கியதும் ஒரு காட்சி: நாலைந்து பேர் மண்வெட்டியும் கையுமாக ஒரு மேட்டில் மண்ணை வாரிப் போடுகிறார்கள். இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு ஒருவர் மண்டையில் ஒருவர் மண்வெட்டியால் போடுகிற மாதிரியும் தெரிகிறது, அது தனிக்கதை. மேலே எழுதியிருப்பது இது: 'காஸ்டெல்லும் அட் ஹெஸ்டெங்கா செஆஸ்ட்ரா'. ஹேஸ்டிங்ஸ் செஆஸ்ட்ராவில் ஒரு காஸ்டெல்லும் தோண்டச் சொல்லி இவர் கட்டளையிட்டார் என்று வாக்கியம்.

ஒரே வரியில் இரண்டு சொல்லும் அருகருகே. ரோமானியரிடமிருந்து வந்து ஆங்கில வாயில் உருண்டு தேய்ந்த பழைய பாளையம் ஒன்று, அதே வேரிலிருந்து பிரான்ஸ் வழியாகப் புதிதாக வந்து இறங்கிய கோட்டை ஒன்று. பாட்டன் சொத்தில் பங்கு கேட்டு வந்த இரண்டு பேரன்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாளையத்தில் கோட்டை. அதாவது பாளையங்கோட்டை! நாற்பது வருடமாக விண்ணப்பப் படிவங்களில் சொந்த ஊர் என்ற இடத்தில் எழுதி வந்த பெயரை, கிட்டத்தட்ட ஆயிரம் வருடத்துப் பழைய துணியில் கம்பளி நூலில் தைத்துப் பார்த்தது மாதிரி இருந்தது. ராத்திரி பதினொன்றரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சொல்ல ஆளில்லாமல் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வரியில் இன்னொன்றும் என்னைப் பிடித்துக்கொண்டது. கட்டு என்று சொல்லவில்லை, தோண்டு என்கிறது. அந்தக் காலத்துக் காஸிலில் பெரும்பாலும் கல் கிடையாது. வட்டமாகப் பள்ளம் வெட்டுவார்கள். வெட்டிய மண் நடுவில் மேடாகும். மேட்டின் உச்சியில் மரக்கோபுரம், அடியில் வேலி போட்ட முற்றம். முற்றத்தில் லாயம், அடுக்களை, கொல்லன் பட்டறை. கூலிக்கு ஆள் தேட வேண்டியதில்லை, தோற்ற ஊர்க்காரனையே பிடித்துத் தோண்ட வைத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். அகழி என்பது அகழ்ந்ததால் வந்த பெயர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். கோட்டைக்குத் தண்ணீர் அலங்காரம் என்று என் அண்ணன் மகள் நினைக்கிறாள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பள்ளம்தான் முதலில். மதிலும் மாடமும் அந்தப் பள்ளத்திலிருந்து எழுந்தவை.

பின்னால் கல்லில் கட்டினார்கள். லண்டன் டவரின் வெள்ளைக் கோபுரத்துக்கு நார்மண்டியின் கான் நகரத்துப் பக்கமிருந்து கப்பலில் கல் வந்தது. கல்லும் அங்கிருந்து, சொல்லும் அங்கிருந்து. 1080-இல் வில்லியமின் மகன் ராபர்ட் டைன் ஆற்றங்கரையில் புதிதாக ஒரு காஸில் போட்டான், அந்த ஊர்தான் நியூகாஸில். அப்படியே தமிழாக்கினால் புதுக்கோட்டை. அதற்கு முன் அந்த ஊருக்கு மங்க்செஸ்டர் என்று பெயர், துறவிகளின் பாளையம். ஒரு பேரனை எழுப்பிவிட்டு இன்னொரு பேரன் உட்கார்ந்துகொண்டான்.

நமக்கு இன்று காஸில் என்றால் அழகு. அன்றைய ஆங்கிலேயனுக்கு அது வயிற்றில் புளியைக் கரைக்கிற சொல். ஸ்டீபன் மன்னன் காலத்தில், வாரிசுச் சண்டையில், ஆளாளுக்குக் காஸில் கட்டினார்கள். பீட்டர்பரோ மடத்தில் எழுதப்பட்ட ஆண்டுக்குறிப்பில் 1137-ஆம் வருடத்துப் பகுதி படிக்கக் கஷ்டமாக இருக்கும். நாடு முழுக்கக் காஸில்களால் நிரப்பினார்கள், காஸில்களைப் பிசாசுகளாலும் கெட்டவர்களாலும் நிரப்பினார்கள் என்று அந்தத் துறவி எழுதுகிறார். காசு இருக்கிறவர்களைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் என்னவெல்லாம் செய்தார்கள் என்று ஒரு பட்டியல். கடைசியில், கிறிஸ்துவும் அவருடைய புனிதர்களும் தூங்கிக் கொண்டிருந்தார்கள் என்று ஜனங்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள் என்று முடிக்கிறார். காஸிலில் யார் தூங்குவார்கள் என்று கேட்டாளே, அதற்கு இப்படியும் ஒரு பதில்.

அந்தப் பயம் தெளிய நானூறு, ஐந்நூறு வருடம் ஆகியிருக்கிறது. 1604-இல் செமெய்ன் வழக்கில், அவனவன் வீடு அவனவனுக்குக் காஸிலும் அரணும் போல என்று ஆங்கிலச் சட்ட அறிஞர் எட்வர்டு கோக் எழுதி வைத்தார். அரசாங்க ஆள் கண்டபடி கதவை உடைத்து நுழையக் கூடாது என்பதற்கான வாதம். அடுத்தவன் வீட்டில் புகுந்து கொள்ளையடித்தவனின் இருப்பிடத்துக்கு இருந்த பெயர், கொள்ளை போகாத வீட்டுக்கு உவமையாகிவிட்டது.

போய்த் திரும்பி வந்தவர்கள்

பிரெஞ்சுக்காரர்கள் இதே சொல்லை 'ஷத்தோ' என்கிறார்கள். 'காஸ்டெல்' எப்படி ஷத்தோ ஆகும் என்று முதலில் திகைப்பாக இருந்தது. லத்தீன் 'கா' பாரிஸ் பக்கத்தில் 'ச'வாக மாறியது, நார்மண்டியில் ககரமாகவே நின்றது. இங்கிலாந்துக்குப் போனவர்கள் நார்மண்டிக்காரர்கள், அதனால் ஆங்கிலத்தில் காஸில். நமக்குப் பழக்கமான சங்கதிதான். கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. அவர்களுக்குக் கெம்பு, நமக்குச் செம்மை. செங்கோட்டையைக் கன்னடத்தில் சொன்னால் கெம்பு கோட்டே. நாம் பாரிஸ் கட்சி, கன்னடம் நார்மன் கட்சி.

இதைவிடச் சுவாரஸ்யம் அரபி வழியில் போனது. 'காஸ்ட்ரும்' கிழக்கே போய், கிரேக்கம் எல்லாம் கடந்து, அரபியில் 'கஸ்ர்' ஆயிற்று. அங்கே அதற்கு அரண்மனை என்ற பொருளும் வந்துவிட்டது. எகிப்தில் லக்ஸர் என்ற ஊர்ப்பெயர் இந்தக் கஸ்ரின் பன்மை வடிவம்தான். பழைய கோயிலைச் சுற்றி ரோமானியர்கள் பாளையம் போட்ட இடம் அது. பிறகு அரபு ஆட்சியோடு ஸ்பெயினுக்குப் போய், 'அல்' சேர்ந்து, 'அல்காஸர்' ஆகிவிட்டது. செவில் நகரத்தில் நிற்கிறதே, அது. ஸ்பெயினில் லத்தீன் வழியே நேராக வந்த 'காஸ்டில்யோ' ஏற்கெனவே இருந்தது. அது நிறைந்திருந்த நிலப்பகுதிக்குக் காஸ்டில் என்றே பெயர். இளமையில் ஊரைவிட்டுப் போன பிள்ளை வேறு பேச்சும் வேறு உடுப்புமாகத் திரும்பி வந்து சொந்த வீட்டுக்கு எதிரிலேயே குடியேறியது போல. அந்தக் காஸ்டிலின் பெயரை போர்த்துக்கீசியர்கள் ஜப்பானுக்குக் கொண்டு போனார்கள். நாகசாகியில் இன்றும் 'கஸுதெரா' என்று ஒரு கேக் விற்கிறது, காஸ்டில் நாட்டு ரொட்டி என்பதன் சுருக்கம். படை தங்கின பாளையம் கடைசியில் காபியோடு தொட்டுக்கொள்ளும் பண்டமாகிவிட்டது.

வெறும் ஆசையில் கட்டுவதையும் ஊருக்கு ஊர் ஒவ்வோர் இடத்தில் கட்டுகிறார்கள். ஆங்கிலேயர்கள் காற்றில் காஸில் கட்டுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஸ்பெயினில் கட்டுவார்கள். நாம் செலவில்லாமல் மனத்துக்குள்ளேயே கட்டிக்கொள்கிறோம்.

என் கையிலிருந்த படக்கதையின் காஸில் இவற்றில் எதுவும் இல்லை. கூர்கூராக நீலக் கோபுரம், வெள்ளைச் சுவர், மலைமுகட்டில் மேகம். அந்தப் படத்துக்கு மூலம் ஜெர்மனியின் பவேரியாவில் இருக்கிற நொய்ஷ்வான்ஸ்டைன். பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1869-இல் கட்டத் தொடங்கியது. அப்போது பீரங்கியும் ரயிலும் வந்துவிட்டன, யாரும் யாரையும் முற்றுகையிட அங்கே ஏறப் போவதில்லை. நாடக மேடைக்குத் திரை எழுதுகிற ஓர் ஓவியர் வரைந்து கொடுத்த கனவு அது. 1886-இல் மன்னர் இறந்த சில வாரத்திலேயே சீட்டுப் போட்டு ஜனங்களை உள்ளே விட ஆரம்பித்தார்கள். 1955-இல் அதைப் பார்த்து டிஸ்னிலாந்தில் ஒன்று கட்டினார்கள், அதைப் பார்த்து உலகத்தில் உள்ள அத்தனை குழந்தைப் புத்தகத்திலும் வரைந்தார்கள். ஜெர்மானியர்கள் இதில் கறார். மெய்யான கோட்டைக்கு 'புர்க்', இந்த மாதிரிக்கு 'ஷ்லாஸ்'. அந்த ஷ்லாஸ் என்ற சொல்லுக்கு ஜெர்மனில் பூட்டு என்றும் பொருள்.

ஆச்சி கட்டிய கோட்டைகள்

மூன்றாவது வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணனும் பொங்கலுக்கு வந்திருந்தான். பேச்சு எப்படியோ கோட்டைக்கு வந்தது. என் அண்ணிக்குச் சிரிப்பு: "இன்னும் அந்த முதல் வரியிலேயா இருக்கீங்க?" அம்மா அரிசி களைந்துகொண்டே, "உங்க ஆச்சி வருஷா வருஷம் கோட்டை கட்டுவாளே" என்றாள்.

மறந்தே போயிருந்தேன். விதைநெல்லைக் காயப்போட்டு, வைக்கோலில் பொதிந்து, வைக்கோல் பிரியால் சுற்றிச் சுற்றி இறுக்கி, பெரிய பந்து போல ஆக்கி, மேலே சாணியும் மண்ணும் மெழுகி வைப்பார்கள். அதற்குப் பெயர் கோட்டை. தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லை அளப்பதும் கோட்டைக் கணக்கில்தான், ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். ராத்திரி நிலாவைச் சுற்றி வட்டம் தெரிந்தால் ஆச்சி அண்ணாந்து பார்த்து, "நிலா கோட்டை கட்டியிருக்கு, மழை வரும்" என்பாள். விதைக்கும் நிலாவுக்கும் சுற்றி வளைத்து நிற்பது எதுவோ, அதுவே கோட்டை. அவள் அகராதியில் ராஜாவும் கிடையாது, பீரங்கியும் கிடையாது.

ஆனால் ஆச்சி சொன்ன இன்னொரு கோட்டையும் உண்டு. அவள் பிறந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். அங்கே மண்மதில் சூழ்ந்த ஒரு கோட்டை, உள்ளே வீடுகள். அங்கே வாழ்ந்தவர்களுக்கே கோட்டைப் பிள்ளைமார் என்று பெயர். பல தலைமுறையாக அந்தப் பெண்கள் மதிலைத் தாண்டி வெளியே வந்ததில்லை. வெளி ஆண்கள் சும்மா உள்ளே போய்விடவும் முடியாது. சின்ன வயதில் ஆச்சி அந்த மதில் ஓரமாக நடந்து போயிருக்கிறாளாம். "உள்ள பேச்சுச் சத்தம் கேக்கும். ஆளு தெரியாது" என்பாள். கோட்டைக்குள் கட்டில் இல்லை என்று அண்ணன் மகள் சொன்னபோது நான் ஒப்புக்கொண்டதே தப்பு. என் ஆச்சியின் ஊருக்குப் பக்கத்திலேயே கோட்டைக்குள் கட்டில் இருந்தது, தொட்டில் இருந்தது, அடுப்பு எரிந்தது. உள்ளேயே பிறந்து உள்ளேயே முடிந்த பெண்கள் இருந்தார்கள்.

கதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இளவரசி தூங்குகிறாள், மதில் காக்கிறது, சுற்றிலும் தண்ணீர். முதல் வாசிப்பில் நான் அதைப் பாதுகாப்பு என்று படித்திருந்தேன். மதிலின் எந்தப் பக்கம் நின்று படிக்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது போல. 'அரண்மனை' என்று போட்டால் அவளைப் பட்டு மெத்தையில் படுக்க வைத்துவிடுகிறோம், மதில் கண்ணில் படாது. 'கோட்டை' என்றால் மதில் தெரியும், கட்டில் இருக்காது என்று ஒரு பிள்ளை சொல்கிறாள். சரி, கட்டிலை நாமே போட்டுவிடலாம் என்று தோன்றியது. வாக்கியத்தை மாற்றி எழுதினேன்: "ஆழமான அகழி. அதைத் தாண்டினால் கோட்டை. கோட்டைக்குள்ளே ஒரு வீடு. அந்த வீட்டில் ஓர் இளவரசி தூங்கிக் கொண்டிருந்தாள்." மூலத்தில் ஒரு வாக்கியம், என்னிடம் நாலு. வரி கூடினால் படத்தின்மேல் எழுத்து ஏறும் என்று நண்பர் முணுமுணுத்தார், அப்புறம் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொண்டார்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன், முற்றத்தில் உட்கார்ந்து அண்ணன் மகளுக்குத் திருத்தியதை வாசித்தேன். 'கோட்டைக்குள்ளே ஒரு வீடு' என்ற இடத்தில் தலையாட்டினாள். ஒருவழியாகத் தேறிவிட்டது என்று புத்தகத்தை மூடப் போனேன்.

"சித்தப்பா, கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா?"

இரண்டு பேரும் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அகழிக்கு அப்பால், பாலத்தின் முனையில், விரல் நகம் அளவுக்குப் பழுப்பாக ஒரு கதவு. சாத்தியிருக்கிறது. தாழ்ப்பாள் வரையவில்லை.